டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்

அவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், படித்திருப்பீர்கள். பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சின் முதுகில், அரசுப் பள்ளிக் குடிநீர்த் தொட்டியில், போலீஸ் பேரிகார்டில், கபடிக் குழுவின் பனியனில், சாவு வீட்டு ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில், எங்கெல்லாம் நாம் சும்மா நிற்க நேர்கிறதோ அங்கெல்லாம் ‘உபயம்’ என்ற சொல்லுக்குக் கீழே அவர் இருப்பார்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. நான் சொல்லும் ஆளுக்கு பெயிண்ட், ஹார்டுவேர் வியாபாரம். கடை திண்டிவனம் நேரு வீதியில், கிளை விழுப்புரத்தில். இரண்டு ஊரில் கடை வைத்தால் இரண்டு ஊர் வியாபாரம் வரும் என்று கணக்குப் போட்டார். வந்தது இரண்டு ஊர் வசூல். தைக்குக் கோலப்போட்டி, மாசிக்கு மயானக் கொள்ளை, பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகிற காவடி, சித்திரைக்கு நீர்மோர்ப் பந்தல், ஆடி முழுக்கக் கூழ், ஆவணிக்குப் பிள்ளையார். தமிழ் மாதம் பன்னிரண்டும் அவருக்குக் காலண்டர் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. கடைக்கு வெளியே யார் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று பார்த்தால் போதும். பெயிண்ட் வாங்க வருகிறவன் செருப்பைக் கழற்ற மாட்டான்.

வசூலுக்கு வருகிறவர்கள் விவரமானவர்கள். ரசீதுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறப்பதில்லை. எதிர்க்கடைக்காரர் 5,001 எழுதியிருக்கும் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே வருவார்கள்.

“இன்னா மொதலாளி, நீங்க ஒரு பத்தாயிரத்தொண்ணு போட்டீங்கன்னா ஃபிளெக்ஸ்ல நடுவுல வெச்சிடலாம்.”

முதலாளி உடனே வியாபாரம் படுத்துவிட்டதைப் பற்றிச் சொல்வார். பைபாஸில் மேம்பாலம் வந்ததிலிருந்து ஊருக்குள் யாரும் இறங்குவதில்லை என்பார். சவுக்கு விலை போகவில்லை, மல்லாட்டை விலை போகவில்லை, விவசாயி கையில் காசு இல்லை, அவன் வீட்டுக்கு எப்படிச் சுண்ணாம்படிப்பான் என்பார். இந்தப் புலம்பலை வந்தவர்கள் சாமி ஊர்வலத்துக்கு வழிவிடுவதுபோல மரியாதையாக நின்று கேட்பார்கள். முடிந்ததும் அவர் 6,001 கொடுப்பார். எதிர்க்கடையைவிட ஆயிரம் அதிகம். கொடுத்தபின் தான் இளகிவிட்டது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று முகத்தை இறுக்கிக்கொண்டு அந்த மந்திரத்தைச் சொல்வார்.

“ரசீது ஒழுங்கா போட்டுக் குடு. டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்.”

மஞ்சள் தாளில் அம்மன் படம் போட்ட ரசீது. அதில் பான் எண் கிடையாது, பதிவு எண் கிடையாது, சில சமயம் தொகையே எழுத்தால் மட்டும் இருக்கும். அதை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பியில் குத்துவார். குத்தும்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்க்கமாட்டார். ஆனால் அந்த வாக்கியம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

கடைத்தெருவின் தர்மசாஸ்திரப்படி சும்மா கொடுப்பவன் ஏமாளி. கணக்கோடு கொடுப்பவன் சாமர்த்தியசாலி. மனம் இளகிக் கொடுத்தேன் என்று ஒரு வியாபாரி சொன்னால் மறுநாள் காலை மொத்த வியாபாரியே கடன் தவணையைக் கூட்டிக் கேட்பான். அதனால்தான் தன் நல்ல குணத்தை இவர் வரிச்சலுகை என்ற சட்டைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார் என்பது என் கட்சி. சிலர் கெட்ட பழக்கத்தை ஒளிப்பார்கள், இவருக்கு இது.

ஜூலை மாதம் கம்பியிலிருந்து ரசீதுகளை உருவி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்து ஆடிட்டரிடம் போவார். ஆடிட்டர் இளைஞர், அப்பாவின் தொழிலோடு அப்பாவின் கட்சிக்காரர்களையும் சுவீகரித்துக்கொண்டவர். பையை மேசையில் கவிழ்த்ததும் அம்மன், முருகன், பிள்ளையார், ஒரு ஃபுட்பால், ஒரு ரத்ததான முகாம் எல்லாம் சரிந்து விழும்.

“அண்ணே, இது மாரியம்மன் கோயில். 80ஜி வராது.”

“ஏன் வராது? சக்தியான அம்மன்.”

ஆடிட்டர் பொறுமையாகச் சொல்வார். பொதுவாக மதக் காரியத்துக்கான நன்கொடைக்கு 80ஜி என்ற வருமான வரிச் சலுகை இல்லை. கோயில், மசூதி, சர்ச் எதுவானாலும், வரலாற்று முக்கியத்துவம் உள்ளது அல்லது ஒரு மாநிலம் முழுக்கப் புகழ்பெற்றது என்று மத்திய அரசு அறிவிக்கை செய்திருந்தால், அதன் பழுதுபார்ப்புக்கும் திருப்பணிக்கும் கொடுத்த பணத்துக்குப் பாதி கழியும். முட்டுச்சந்து மாரியம்மனின் புகழ் இரண்டு தெரு. மூன்றாவது தெருவுக்குத் தனி மாரியம்மன்.

அப்படியே தகுதியுள்ள அறக்கட்டளை என்றாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழியாது. கொடுத்தது கணினியில் ஏறி, 10பிஇ என்ற சான்றிதழ் வந்தால்தான் உண்டு. நம்மவர் பணம் கொடுக்கும் இடங்களில் கணினி என்பது சீரியல் செட் ஓட்டுகிற பெட்டிக்குப் பெயர்.

பெஞ்சல் புயலின்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் முதல் தேதி காலை வரைக்குமான ஒரே நாளில் மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது, மாவட்டமே தண்ணீரில் நின்றது. முதலாளி கடை வேனில் பிரெட், போர்வை, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போய், அதற்கப்புறம் தலையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு அந்த பில்களையும் ஆடிட்டரிடம் நீட்டினார்.

“அண்ணே, பொருளாக் குடுத்தா 80ஜி கெடையாது. பணமாக் குடுக்கணும். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பியிருந்தா பழைய வரி முறையில நூத்துக்கு நூறு கழியும்.”

“தண்ணியில நிக்கிறவன் பிரெட்டு கேட்டான் சார். அவன்கிட்ட நிதி இன்னான்னு நான் சொல்லட்டும்?”

ஆடிட்டரிடம் பதில் இல்லை. சட்டத்திடமும் இல்லை. போகிறபோக்கில் ஒன்று: குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்ப அரசுக்கோ உள்ளாட்சிக்கோ கொடுக்கும் நன்கொடைக்கு அதே 80ஜியில், உச்சவரம்புக்கு உட்பட்டு, நூறு சதவீதம் உண்டு. வருஷம் முழுக்கக் கல்யாண மண்டபங்களில் மொய் எழுதியே தேய்ந்த மனிதருக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று ஆடிட்டர் விட்டுவிட்டார். கட்சிக்காரர்கள் மாநாட்டு மலருக்கு வாங்கிய விளம்பரமும் கழியாது; கட்சி மலருக்கென்றே சட்டத்தில் தனியாக ஒரு தடை போட்டிருக்கிறார்கள். பதிவான கட்சிக்கு நன்கொடையாகச் செக் கொடுத்தால் பழைய முறையில் கழியும். பத்துப் பேரோடு வந்து நிற்கும் வட்டச் செயலாளரிடம் செக் புத்தகத்தை எடுக்கும் தைரியம் உள்ள வியாபாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

“சரி சார், நன்கொடை வேணாம். விளம்பரச் செலவுன்னு எழுதிக்க. கபடி பனியன்ல கடை பேரு போட்டிருக்குதுல்ல?”

இங்கேதான் விஷயம் சூடு பிடித்தது. வியாபாரத்துக்காகவே செய்த செலவு என்றால் கழியும். பனியன் முதுகில் கடை பெயர், விலாசம், போன் நம்பர் இருந்தால் அது விளம்பரம். வெறுமனே ‘உபயம்’ என்று இவர் பெயரும் அப்பா பெயரும் இருந்தால் அது தர்மம், வியாபாரச் செலவாகாது. ஆக வருமான வரிக்குப் பிடித்தது தம்பட்டம்.

ஜிஎஸ்டிக்குப் பிடித்தது அடக்கம். 2019 அக்டோபர் 11ஆம் தேதி, 116ஆம் எண்ணில் டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நன்கொடையாளர் பெயரைப் பலகையில் எழுதினால் ஜிஎஸ்டி உண்டா என்ற கேள்விக்கு நிதித்துறை அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்து எழுதிய பதில் அது. யோகா நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்த டிஜிட்டல் கரும்பலகையின் அடியில் ‘ராஜேஷின் நல்வாழ்த்துகள்’ என்று எழுதலாம். கோயில் கதவிலோ தரையிலோ, தந்தையின் நினைவாக மாலதி தேவி வழங்கியது என்று எழுதலாம். வரி இல்லை, அது நன்றியறிதல். எழுதியது வியாபாரத்தை விளம்பரப்படுத்துவதாக இருந்தால் கதை வேறு: பலகையை வாங்கிக்கொண்ட நிறுவனம் விளம்பரச் சேவை செய்ததாகிவிடும், அது ஜிஎஸ்டியில் பதிவானதாக இருந்தால் வரி கட்டவேண்டும். நம் கோயில் படிக்கட்டுகளைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கிறது. அரசாங்கத் தாள்களில் நான் ரசித்துப் படித்தது இந்த ஒன்றைத்தான்.

முதலாளிக்கு ரசிக்கவில்லை.

“போன் நம்பர் போட்டா ஒருத்தன் சந்தோஷப்படுவான், போடலைன்னா இன்னொருத்தன் சந்தோஷப்படுவான். பெயிண்டர் பிரஷ்ஷ வெச்சிக்கினு நிக்கிறான். நான் இன்னாதான் எழுதறது?”

“இன்னொண்ணும் இருக்குண்ணே. கோயில் மதிலுக்கு நம்ம கடையிலேர்ந்து பெயிண்ட் சும்மா குடுத்தீங்கல்ல? அதுக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டத் திருப்பிக் கட்டணும்.”

அம்மனுக்குக் கொடுத்த பெயிண்டுக்கு அரசாங்கத்துக்குத் தட்சணை. முதலாளி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவரைத் தேற்றுவதற்காக ஆடிட்டர், விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழிப்பக்கம் இருக்கும் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பற்றிச் சொன்னார். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குச் செய்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் இதைக் கட்டினான் என்று தன் பட்டப்பெயரைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மாவட்டத்தின் மூத்த உபயப் பலகை அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். தொழில் விளம்பரம் எதுவும் இல்லை, 116ஆம் எண் சுற்றறிக்கையில் சுத்தமாகத் தேறும்.

முதலாளி முகம் சுண்டிவிட்டது. “மரம், இரும்பு, சுண்ணாம்பு எதுவுமே வாங்கலைன்னு பெருமையா எழுதி வெச்சிருக்கானா? அப்புறம் ஹார்டுவேர் கடைக்காரன் எப்படிப் பொழைப்பான்?”

கடைசியில் ஆடிட்டர் விஷயத்துக்கு வந்தார். முதலாளியின் விற்றுவரவு வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம். 2 கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரிக்குச் சட்டம் ஒரு சுலப வழி வைத்திருக்கிறது: விற்றுவரவில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், வங்கி, யுபிஐ வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம். செலவுகள் எல்லாம் அந்த மீதியிலேயே அடக்கம். பனியனையும் பேரிகார்டையும் தனியாகக் கழிக்க இடமே இல்லை. முழுக்க 8 சதவீதம் என்றே வைத்தாலும் லாபம் 9 லட்சத்து 60 ஆயிரம். மேலும் அவர் இருப்பது புதிய வரி முறையில். அதில் 80ஜியே கிடையாது. 2025–26இலிருந்து அந்த முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் கட்டவேண்டிய வரி பூஜ்யம்.

“அதாவது அண்ணே, நீங்க டாக்ஸே கட்டல. எதுலேர்ந்து கழிக்கறது?”

முதலாளி மஞ்சள் பையை எடுத்து ரசீதுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். பிள்ளையாரை மட்டும் கசங்காமல் மேலாக வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

“சார், இத வீட்ல யாருக்கும் சொல்லாத.”

அன்று சாயங்காலம் கல்லாவை ஒப்படைக்கும்போது மனைவி பேச்சை ஆரம்பித்தார்.

“ஏங்க, எங்க அண்ணன் பொண்ணுக்குக் காது குத்தறாங்கல்ல, ஒரு சவரன்ல தோடு எடுத்துட்டேன்.”

“ஒரு சவரனா! இப்ப விக்கிற வெலைக்கா?”

“எல்லாம் டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்தானே?”

முதலாளி மனைவியைப் பார்த்தார். மனைவி பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்பதற்கு அந்த முகத்தில் விடை இல்லை. கழியாது என்றால், ஏன் கழியாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பெஞ்சிலிருந்து ஐஸ் பெட்டி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டும்.

“பில்லு வாங்கினியா?”

“வாங்கினேன்.”

“கம்பியில குத்து.”