லேபிள் மாப்பிள்ளை

சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு, ஷாம்பு வரிசைக்கு நடுவே செல்போன் டார்ச்சை எரியவிட்டு, ஒரு டியூபின் முதுகைப் படித்துக்கொண்டு நிற்கும் முப்பது வயதுக்காரரைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கிப் போய்விடுங்கள். அவர் மனைவிக்கு இது மூன்றாவது மாதம். உங்கள் கூடையில் இருப்பதையும் எடுத்துப் படித்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் மனைவியின் கண்ணாடி மேஜையில் எது கிரீம், எது கண்மை என்றுகூட நம்மவருக்குத் தெரியாது. பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்த மறுநாள் வேதியியல் பேராசிரியர் ஆகிவிட்டார். லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் கோப்பு திறந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கட்டம். பச்சையில் ரொம்ப நாளைக்கு ஒரே பொருள்தான் இருந்தது: தண்ணீர். மெட்ரோ வாட்டரைப் பற்றி ஏதோ செய்தி வந்ததும் அதையும் மஞ்சளுக்கு நகர்த்தினார்.

அநியாயமாகப் பேசக்கூடாது. அவர் முதலில் தூக்கிப் போட்டது தூக்கிப் போட வேண்டியதைத்தான். அது ஒரு ரெட்டினால் சீரம். அந்தக் குடும்பத்தில் பொல்லாதது, பருவுக்கு விழுங்கக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின். கருவிலிருக்கும் குழந்தையின் முகம், இதயம், மூளை எல்லாவற்றையும் அது குலைத்துவிடக்கூடும். பிள்ளை வேண்டுமென்று நினைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும். முகத்தில் பூசும் ட்ரெட்டினாயின், அடாபலீன், ரெட்டினால் எல்லாம் உடம்புக்குள் போவது சொற்பம். ஆனாலும் ஒன்பது மாதம் அது இல்லாமல் முகம் ஒன்றும் கழன்று விழாது என்பதால், டாக்டர்கள் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். இதுவரை நம்மவருக்கு நூற்றுக்கு நூறு.

அதோடு நின்றிருக்கலாம். ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ என்று எங்கோ கண்டார். வைட்டமின் ஏ என்றால் கேரட் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி மனைவியின் சாம்பாரிலிருந்து கேரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"ஏங்க, அது கேரட்டுங்க."

"அதனாலதாம்மா எடுக்கறேன்."

கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். தாராளமாகச் சாப்பிடலாம். அதே வாரம் அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து, "புள்ளத்தாச்சிக்கு ரத்தம் ஊறணும்" என்று ஆட்டு ஈரலை மிளகு போட்டு வறுத்தார். நம்மவரே இரண்டு கரண்டி கூடப் பரிமாறினார். அசல் ரெட்டினால் குவிந்து கிடப்பது ஈரலில்தான். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை கர்ப்பிணிகளை ஈரல் பக்கமே போகவேண்டாம் என்கிறது. ஆனால் ஈரலைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒன்றும் எழுதியிருக்காதே, அவர் என்ன செய்வார்!

இதுதான் நம்மவரின் சட்டம். எழுத்து இருந்தால் சந்தேகம், எழுத்தே இல்லாவிட்டால் சரணாகதி.

ஐந்தாம் மாதம் மனைவியின் கன்னத்தில் மங்கு விழுந்தது. கர்ப்பகால ஹார்மோன்களும் வெயிலும் கூட்டுச் சேர்ந்து செய்கிற வேலை அது. பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே வெளிறிவிடும். அதுவரை பரவாமல் பிடித்து வைக்க முதல் காவல் சன்ஸ்கிரீன்தான். ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் தோலின் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அந்த வகையைத்தான் சொல்வார்கள். மனைவி அதைத்தான் வாங்கியும் வந்தாள். நம்மவர் டியூபைத் திருப்பினார்.

"டைட்டானியமா! ஏரோப்ளேன் செய்யற உலோகம்மா அது!"

சன்ஸ்கிரீன் சிவப்புக் கட்டத்துக்குப் போயிற்று. மங்கு கன்னத்திலிருந்து நெற்றிக்குப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து மாமியாரின் தங்கை துபாயிலிருந்து வந்து இறங்கினார். பெட்டியில் பேரீச்சம்பழம், தைலம், கூடவே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளை டப்பா. "அங்க எல்லாரும் இதைத்தான் போடறாங்க மாப்பிள்ளை. ஏழே நாள்ல பளிச்சுனு ஆயிடும்." நம்மவர் வழக்கம்போல் டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே ஒரு ரோஜாப்பூ. அடியில் ஒன்றுமில்லை. பக்கவாட்டிலும் ஒன்றுமில்லை. முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "கெமிக்கலே போடலை போலிருக்கு சித்தி" என்றார். டப்பா பச்சைக் கட்டத்தில் தண்ணீரின் பழைய இடத்தைப் பிடித்தது.

ஏழு நாளில் ஒரு முகம் வெளுக்கிறது என்றால் உள்ளே பெரும்பாலும் இரண்டிலொன்று இருக்கும்: ஸ்டீராய்டு அல்லது பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினைப் பாதரசம் ஊறவிடாது. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் பளிச்சிடுகிறது. தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும், சிறுநீரகத்தைத் தாக்கும், நஞ்சுக்கொடியையும் தாண்டும். வளரும் குழந்தையின் மூளைக்கு அது ஆகவே ஆகாது. 2013-ல் உலக நாடுகள் பாதரசத்துக்கு எதிராகக் கையெழுத்திட்ட மினமாட்டா உடன்படிக்கை இப்படிப்பட்ட கிரீம்களைக் குறிவைத்தது. இந்தியாவிலும் அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. முகக் கிரீமில் தவறிக் கலந்தால்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படியும் 2023-ல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்புக் கிரீம் போட்டுச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது செய்தியாயிற்று.

நல்லவேளை, மனைவிக்கு எக்ஸெல் கோப்பின் மேல் நம்பிக்கை போய் நாளாகியிருந்தது. மேஜையில் இருந்த எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள். நம்மவரும் லேப்டாப்போடு கூடப் போனார். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நியாசினமைடு, வைட்டமின் சி, பருவுக்கு அசெலாயிக் ஆசிட், எல்லாம் போடலாம். இரண்டு சதவீத சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ் வாஷ், கழுவிவிடுவதுதானே, போடலாம். சன்ஸ்கிரீனைக் கட்டாயம் போட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மங்குக் கிரீமில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் இருந்தன. ஹைட்ரோகுவினோன் பூசினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போய்விடும். அது வேண்டாம். கடைசியாக வெள்ளை டப்பா.

"இதை இன்னையோட விட்டுடுங்க."

"டாக்டர், இதுலதான் ஒண்ணுமே எழுதலையே?"

"அதனாலதான் சார்."

நம்மவர் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் லேப்டாப்பை மூடினார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. வளைகாப்புக்கு "பத்தே நிமிஷத்தில் கறுக்கும்" மருதாணிக் கோன் வந்தது. அதிலும் சேர்மானப் பட்டியல் இல்லை. மருதாணி இலை சிவக்கும், அதுவும் ஒரு ராத்திரி காத்திருந்தால். பத்து நிமிஷத்தில் கறுப்பது தலைச்சாயத்தில் போடும் பிபிடி, கையைக் கொப்பளமாக்கிவிடும். "பரம்பரை வழக்கம்" என்று நம்மவர் கோனுக்கு அனுமதி கொடுத்தார். வீட்டுப் பாட்டி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அம்மியில் இலை அரைத்தார்.

எட்டாம் மாதம் மனைவிக்கு அரிப்பு வந்தது. இந்த ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றுத் தோல் விரிவதால் வரும் சாதாரண அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும். (வரியே விழாமல் தடுப்பதாகச் சொல்லி விற்கும் விலையுயர்ந்த கிரீம்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.) இவளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் நமைத்தன. நம்மவர் சோப்பை மாற்றினார், பிறகு துணி பவுடரை மாற்றினார். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இப்படி நமைத்தால், ஈரல் கோளாறால் பித்த அமிலம் ரத்தத்தில் தேங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். குழந்தைக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால் உடனே ரத்தப் பரிசோதனை அவசியம். இவளை நேரத்தோடு கூட்டிப்போனது பாட்டிதான்.

இதையெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பில் பதிவு செய்யும்போது நம்மவர் ஜன்னலைச் சாத்தி, கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள் ஏற்றி வைத்திருப்பார். ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் கக்குவதற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. கொசுவத்தி முகத்தில் பூசும் பொருள் இல்லை என்பதால் கோப்பில் அதற்குக் கட்டமே கிடையாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவர் ஆசையைக் கெடுக்காதீர்கள், படிக்கட்டும். ஒரு கொசுவலை மட்டும் வாங்கிக் கொடுங்கள். தயாரித்தவர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல், இவற்றில் ஒன்று இல்லாத டப்பா வீட்டுக்குள் வந்தாலும், அவர் படித்துப் பார்த்து நிம்மதி அடைவதற்குள் அதை வாங்கி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.