நார்மன்காரர் போட்ட பந்தி

1066 ஜனவரியில் இங்கிலாந்து அரசர் எட்வர்ட் வாரிசில்லாமல் கண்ணை மூடினார். மறுநாளே மைத்துனர் ஹெரால்ட் முடிசூட்டிக்கொண்டார். கடலுக்கு அக்கரையில் நார்மண்டிப் பிரபு வில்லியம், "அந்த நாற்காலி எனக்கென்று எப்பவோ பேசி முடித்ததாயிற்றே" என்று கப்பலேறினார். அக்டோபர் 14, ஹேஸ்டிங்ஸ். பொழுது சாய்வதற்குள் ஹெரால்ட் காலி. சொத்துத் தகராறு அத்தோடு தீர்ந்தது. ஒரே விஷயத்துக்கு மூன்று இங்கிலீஷ் சொல்லை நாம் மனப்பாடம் செய்யும் தொல்லை ஆரம்பமானது.

கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் பட்டாபிஷேகம். உள்ளே இருந்தவர்கள் புது ராஜாவுக்குச் சம்மதம் என்று ஆரவாரித்தார்கள். வெளியே காவல் நின்ற நார்மன் வீரர்களுக்கு அந்த இங்கிலீஷ் சத்தம் கலகமாகக் கேட்டது. யோசிக்காமல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஜனங்கள் அலறியடித்து ஓட, ராஜா நடுங்கிக்கொண்டே முடிசூட்டிக்கொண்டார் என்கிறார் ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி. பிற்பாடு வில்லியம் இங்கிலீஷ் கற்கவும் பார்த்தாராம். வயதும் வேலையும் விடவில்லை.

ராஜாவுக்கு வராத மொழிக்கு ராஜ்ஜியத்தில் என்ன மரியாதை? அரண்மனையும் கோர்ட்டும் நார்மன்காரர் பேசிய பிரெஞ்சுக்குப் போயின. கோயிலையும் கல்வியையும் லத்தீன் முன்பே பிடித்து வைத்திருந்தது. இங்கிலீஷுக்குக் கிடைத்தது வயலும் அடுப்பங்கரையும். ஆக, பந்தி மூன்று. நாம் அகராதியில் 'ஒரே பொருள்' என்று படிக்கும் சொற்கள் பலவும் வேறு வேறு பந்தியில் சாப்பிட்டவை.

தொழுவத்தில் நிற்கும்போது இங்கிலீஷ் 'கௌ', தட்டுக்கு வந்தால் பிரெஞ்சு 'பீஃப்' என்ற கதையை 1819இல் வந்த 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு விதூஷகன் வாயால் வால்டர் ஸ்காட் பரப்பிவிட்டார். கதை கொஞ்சம் ஜோடிப்பு. உயிரோடு நின்ற மாட்டையும் 'பீஃப்' என்று சொன்னவர்கள் வெகுகாலம் இருந்தார்கள்.

எனக்கு அதைவிடப் பரிதாபமாகத் தெரிவது 'ஸ்டென்ச்'. பழைய இங்கிலீஷில் அது எந்த வாசனைக்கும் பொதுச்சொல். ரோஜாவுக்கும் தாராளமாகப் போடலாம். பிறகு 'ஓடர்', 'சென்ட்', 'பெர்ஃப்யூம்' என்று பிரெஞ்சு வழியாக ஒவ்வொன்றாக வந்து நல்ல வாசனையைப் பங்கு போட்டுக்கொண்டன. மண்ணின் மைந்தனுக்கு மிஞ்சியது சாக்கடை.

'ஆஸ்க்', 'கொஸ்டியன்', 'இன்டராகேட்' மூன்றும் கேள்வி கேட்பதுதான். முதலாவது சொந்தச் சரக்கு. வழி கேட்கலாம், கடன் கேட்கலாம். இரண்டாவது பிரெஞ்சு, அதை வினையாக்கினால் குரலில் சந்தேகம் ஏறும். மூன்றாவது லத்தீன், எதிரில் போலீஸ் உட்கார்ந்தாயிற்று. மனைவி 'ஆஸ்க்' செய்தாள் என்று எழுதினால் குடும்பம், 'இன்டராகேட்' செய்தாள் என்றால் வழக்கு. அதேபோல் சாவுக்கு 'டெத்' போதும். 'டிமைஸ்' கம்பீரமாக இருக்கிறதே என்று இரங்கல் கடிதத்தில் போடுகிறவர்கள் கவனிக்க: அது சட்டப் பிரெஞ்சில் சொத்தைக் கைமாற்றுவதற்கான சொல். பிணம் எடுக்குமுன் பத்திரத்தை விசாரித்த மாதிரி.

வக்கீல்கள் தேர்ந்தெடுக்கும் கஷ்டமே படவில்லை. உயிலுக்கு இங்கிலீஷ் 'வில்'லும் லத்தீன் 'டெஸ்டமென்ட்'டும் இருந்தன. எதற்கு வம்பு என்று இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள்.

கடைசியில் 1362இல் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. நாட்டில் யாருக்கும் பிரெஞ்சு சரியாகப் புரியவில்லை, இனி கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடுங்கள், ஆனால் லத்தீனில் பதிவு செய்யுங்கள் என்றது. அந்தச் சட்டத்தை எழுதியது பிரெஞ்சில்.

வில்லியம் செத்து 900 வருஷத்துக்கு மேலாகிறது. பிரிட்டிஷ் பார்லிமென்டில் ஒரு மசோதாவுக்கு அரசர் ஒப்புதல் தந்தால், 'அரசர் விரும்புகிறார்' என்று குமாஸ்தா அறிவிப்பது இன்றைக்கும் நார்மன் பிரெஞ்சில்தான்.