பெர்மிஷன் அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் விசைத்தறி இருக்கும் இடத்தில் நூல் கணக்கு இருக்கும். நூல் கணக்கு இருக்கும் இடத்தில் இப்போது கணினியும் இருக்கிறது. கணினி நாலாகிவிட்டால் நடுவில் ஒரு சர்வர் வந்து, மாடிப்படிக்கு அடியில், பஞ்சுத் தூசிக்கு நடுவே குடியேறிவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே? என்றைக்கோ ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவிக் கொடுத்தவர் யாரென்று முதலாளி யோசிப்பார். மறுநாள் காலை அவர்தான் ‘சிஸ்டம் அட்மின்’. சம்பளம் மட்டும் பழைய சம்பளம்.

இப்படி ஒரே ராத்திரியில் அட்மின் ஆனவர்களை உட்காரவைத்து, சர்வரில் எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் கிட்டேயே போகக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பவர்தான் பெர்மிஷன் அண்ணாச்சி. இவர் ஒரே ஒரு மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜபாளையத்தில் ஒருவர் இருப்பார், கோவில்பட்டியில் இருவர் இருப்பார்கள். சங்கரன்கோவில் அண்ணாச்சியைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. இடுப்புச் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியை விடப் பென் டிரைவ்கள் அதிகம். அடுத்தவர் பென் டிரைவைத் தம் கணினியில் செருக மாட்டார். செருகச் சொன்னவரோடு ஒரு வாரம் பேசவும் மாட்டார். பேரன் பலகாரத் தூக்கைத் திறந்தால், “யாருகிட்ட கேட்டுத் திறந்த?” என்று கேட்பார். இத்தனை அதிகாரமும் வாசல் வரைதான். வீட்டு நிர்வாகத்தில் அவருக்கு இருப்பது ‘ரீட் ஒன்லி’ என்பது தெருவுக்கே தெரியும்.

அவரிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் கனவு தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறை. 2011-லிருந்து அங்கே ஜோஹோ நிறுவனம் இருக்கிறது. மீதிப் பேருக்குக் கனவெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பூ மார்க்கெட் கமிஷன் கடை, கூட்டுறவுச் சங்கம் என்று எங்கோ ஒரு சர்வர் தலையில் விழுந்துவிட்ட பாவத்துக்குப் பரிகாரம் தேடி வந்தவர்கள். அண்ணாச்சி இரு சாராரையும் ஒரே பெஞ்சில்தான் உட்காரவைப்பார்.

முதல் வகுப்பில் கணினியைத் தொடவிட மாட்டார். பலகையில் ஊர்க் கோயிலை வரைவார்.

“இது ராஜகோபுரம். யாரும் வரலாம். உள்ள நாகசுனை, பார்க்கலாம். இது மடப்பள்ளி. பிரசாதம் எல்லாருக்கும் உண்டு, அடுப்புகிட்ட எல்லாரும் போக முடியுமா? கருவறைக்குள்ள யாரு போவாக? அர்ச்சகர். அர்ச்சகர்கிட்ட உண்டியல் சாவி இருக்குமா? இருக்காது. சாவி வச்சிருக்க அதிகாரி கருவறைக்குள்ள போவாரா? மாட்டாரு. இம்புட்டுத்தான் கேட்டியளா ஃபைல் சிஸ்டம். வேலைக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டுத்தான் அனுமதி. பெரிய ஆளு, சின்ன ஆளுங்கிற பேச்சே கிடையாது.”

அடுத்து ஷேர் பெர்மிஷன், என்.டி.எஃப்.எஸ். பெர்மிஷன் என்று இரண்டு வரும். பெரிய ஊர் வகுப்புகளிலேயே பையன்கள் குழம்புகிற இடம் இது. நெட்வொர்க் வழியாக ஒரு ஃபோல்டருக்குள் வருகிறவருக்கு வாசலில் ஒரு அனுமதி, வட்டில் ஒரு அனுமதி என்று இரண்டு இருக்கும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். அண்ணாச்சி இதற்கு ஊர்க் கோயிலின் சங்கன், பதுமன் கதையை எடுப்பார். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இரண்டு நாகர்கள் வழக்காடினார்கள். அந்த வழக்கு தீரக் கோமதியம்மன் ஊசிமுனையில் தவமிருந்தாள். ஆடித் தவசு அன்று சுவாமி பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் காட்சி கொடுத்தார். “ரெண்டு பாதியும் சம்மதிச்சாத்தான் வரம். ஒருத்தர் ஃபுல் கண்ட்ரோல் குடுத்து, இன்னொருத்தர் ரீட் குடுத்தா ஒனக்குக் கிடைக்கது ரீட்தான்.”

பக்திமானான ஒரு பையன் ஒருமுறை எழுந்து, “ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு காட்டத்தான அண்ணாச்சி தவசு? நீங்க ரெண்டுன்னு சொல்லுதீயளே?” என்று கேட்டுவிட்டான். அண்ணாச்சி பலகையை அழித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கேள்வி சரியான கேள்வி என்பது என் கட்சி. ஆனாலும் அந்த வகுப்பிலிருந்த ஒருவனும் அதற்குப் பிறகு ஷேர் பெர்மிஷனில் தடுமாறியதில்லை.

அவருக்குப் பிடிக்காத ஒரே ஆள் ‘எவ்ரிஒன்’. விண்டோஸில் இந்தப் பெயரில் ஒரு குழு உண்டு. பெயருக்கேற்ப எல்லாரும் அதற்குள் அடக்கம். விண்டோஸ் 2000 வரை ஒரு ஃபோல்டரைப் புதிதாகப் பகிர்ந்தால் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் தானாகவே விழும். சர்வர் 2003-ல் மைக்ரோசாஃப்ட் அதை வெறும் ‘ரீட்’ ஆகக் குறைத்தது. அமெரிக்காக்காரன் பயந்து குறைத்ததை நம் ஊர்க்காரன் தாராள மனசோடு திரும்ப ஏற்றிவைத்தான். அண்ணாச்சி எந்த ஆபீசுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். டிக் இருக்கும். இல்லாமல் இருந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் இருக்கிறது? தெரியாமல் இல்லை. தீபாவளி போனஸ் போடுகிற நாள். சாயங்காலம் ஏழு மணி. கணக்குப்பிள்ளைக்கு ஃபைல் திறக்கவில்லை, ‘ஆக்சஸ் டினைடு’ என்கிறது. வெளியே தறிக்காரர்கள் நிற்கிறார்கள். முதலாளி முறைக்கிறார். அட்மின் தம்பிக்கு வியர்க்கிறது. எந்தக் குழுவில் யார் இருக்கிறார் என்று ஆற அமரத் தேட நேரமில்லை. எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல், ஓகே. திறந்துவிட்டது! முதலாளி முதுகில் தட்டுகிறார். “அப்புறமா எடுத்துக்கிடலாம்” என்று தம்பி மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான். அந்த ‘அப்புறம்’ வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சிலர் நேரெதிர்ப் பக்கம் பாய்வார்கள். முதல் நாள் பாடம் கேட்டு வீராவேசமாகப் போன ஒரு சிஷ்யன், எவ்ரிஒன்னை ஒழிக்கிறேன் என்று ‘டினை’ கட்டத்தில் டிக் போட்டுவிட்டான். எல்லாரும் என்பதில் அவனும் சேர்த்தி. அனுமதியை விடத் தடைக்குத்தான் மேல்கை. முதலாளி வெளியே, கணக்குப்பிள்ளை வெளியே, அட்மினும் வெளியே. உள்ளே ஃபோல்டர் மட்டும் நிம்மதியாக இருந்தது. அட்மினுக்கு உரிமையாளர் பதவியைக் கையிலெடுக்கும் வழி உண்டென்பதால் அரை மணி நேரத்தில் மீட்டார்கள். “டிக்க எடுத்தா போதும்ல, தடை எதுக்குப் போடுத? குடுக்காம இருக்கது வேற, மறிக்கது வேற” என்று அண்ணாச்சி அன்றைக்குத் தனிப்பாடமே நடத்தினார்.

அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, குழுவுக்குக் கொடு என்பது அவருடைய அடுத்த உபதேசம். ஆளுக்குக் கொடுத்த ஆபீஸ்களில் நடப்பதை அவர் திரையில் காட்டுவார். ஆள் வேலையை விட்டுப் போய், கணக்கையும் அழித்திருப்பார்கள். பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும் நிற்கும். “பாத்தியளா, ஆளு திருப்பூருக்குப் போயி மூணு வருசம் ஆச்சு, ஆவி இன்னும் கணக்கு ஃபோல்டர்ல நிக்கி.” அந்த எண்ணால் ஆபத்தில்லை, யாரும் அதை வைத்து உள்ளே வர முடியாது. போனவனின் கணக்கை அழிக்காமலே விட்டிருப்பார்களே, ஆபத்து அங்கேதான். அவன் பாஸ்வேர்டு அந்த ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியும். கோமதி123 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் பலருக்குப் பொருந்தும்.

லினக்ஸ் பக்கமும் அவருக்குக் கைவரும். அங்கே படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பேருக்கும் ஏழேழு கொடுத்தால் 777. “பேருதான் வேற, ஆளு நம்ம எவ்ரிஒன்தான்” என்பார்.

அண்ணாச்சி உணர்ச்சிவசப்பட்டு நான் பார்த்தது வான்னகிரை என்கிற ரான்சம்வேர் பற்றிய பாடத்தில்தான். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற நோய் அது. விண்டோஸின் ஃபைல் பகிர்வில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே மருந்து வெளியிட்டுவிட்டது. மே 12 அன்று நோய் உலகம் பூராவும் பரவியது. திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளுக்கும் பிடித்தது. “பெருமாளே ஆனாலும் அப்டேட் போடணும்ல” என்பார், கன்னத்தில் போட்டுக்கொண்டே. பிறகு 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். ஐந்து சர்வர்களில் கோப்புகள் பூட்டப்பட்டு, நாட்டின் பெரிய ஆஸ்பத்திரி காகிதச் சீட்டுக்குத் திரும்பியது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்துவைக்காததே காரணம் என்று அரசே சொன்னது. நோயாளிகளின் தரவை, பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரிலிருந்துதான் மீட்டார்கள்.

இந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்துவார். கணக்குப்பிள்ளையின் கணினியில் நுழைகிற ரான்சம்வேர், பெரும்பாலும் கணக்குப்பிள்ளைக்கு உள்ள அதிகாரத்தோடுதான் சர்வருக்கு வரும். அவருக்கு எழுத அனுமதி உள்ள ஃபோல்டரையெல்லாம் பூட்டும், இல்லாததைத் தொட முடியாது. எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்த இடத்தில் எதுவுமே மிஞ்சாது. அட்மின் எந்நேரமும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலேயே உட்கார்ந்து யூடியூப் பார்க்கிறவராக இருந்து, நோய் அந்த வழியாக வந்துவிட்டால், கோப்பின் பழைய பிரதிகளான ஷேடோ காப்பியையும் அதுவே துடைத்துவிட்டுப் போகும். வகுப்பில் யாரும் மூச்சு விட மாட்டார்கள். பலர் அப்படித்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.

காப்புக்கு 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் பீட்டர் குரோக் என்கிற புகைப்படக்காரர். இதைச் சொன்னதும் ஊர் ஸ்டுடியோப் பையன்களுக்குப் பெருமை தாங்காது. அண்ணாச்சியின் வெளியூர்ப் பிரதி புளியங்குடியில், மாமனார் வீட்டு பீரோவில், எலுமிச்சைக் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. வட்டை மாற்றும் சாக்கில் மாதம் ஒருமுறை அங்கே விருந்து. காப்பு இருந்தாலும், சைபர் தாக்குதலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்கிற அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் அரசு உத்தரவு போட்டது, தெரியுமோ? அண்ணாச்சியிடம் சொன்னேன். “நம்ம ஊர்ல முதலாளிகிட்ட சொல்லத் தைரியம் வரவே ரெண்டு நாள் ஆகும்” என்றார்.

கடைசித் தேர்வுக்கும் கணினி கிடையாது. அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு மஞ்சள் பையோடு உள்ளே வருவார். அவர் இப்போது முதலாளியின் மச்சான். சிஷ்யன் அட்மின்.

“தம்பி, அந்தச் சம்பளக் கணக்கு ஃபோல்டர ஒரு நிமிசம் தொறந்து விடு. ஒண்ணுமில்ல, சும்மா பாக்கணும்.”

பெரும்பாலோர் இங்கே தோற்றுப்போவார்கள். எஸ்-1-5-21-ஐத் தலைகீழாகச் சொல்கிறவன் மச்சானைக் கண்டதும் எழுந்து நாற்காலி போடுவான். சிலர் சர்வர் மெதுவாக இருக்கிறது, கரண்ட் இல்லை என்று பொய் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பாதி மார்க். ஒருவன் மச்சானிடம், “முடியாது வேய்” என்று நேராகவே சொல்லிவிட்டான். அவனுக்கு முழு மார்க் கொடுத்து, வேறு வேலை தேடச் சொன்னார்.

சரியான விடையை ஒரு பெண் சொன்னாள், ஆஸ்பத்திரி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். “உக்காருங்க மாமா, காப்பி சாப்பிடுங்க. எதுக்கு வேணும், எத்தனை நாளைக்கு வேணும்னு இதுல ஒரு வரி எழுதி முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்துருங்க. உங்க பேர்லயே தொறந்து விடுதேன், அன்னிக்கே தானா மூடிக்கிடும். நீங்க எப்ப பாத்தீய, என்ன பாத்தீயங்கிறதும் லாக்ல பதிஞ்சிரும் மாமா, கவலப்படாதீங்க.”

மச்சான் காப்பியைக் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் எந்த மச்சானும் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்ததில்லை என்கிறார் அண்ணாச்சி. மெனுக்களைப் படிக்க ஒரு வாரம் போதும், இந்தப் பதிலைச் சொல்லத்தான் மாதக்கணக்கில் பழக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். எனக்கும் அதேதான்.

உங்கள் ஆபீசிலும் ஒரு சர்வர் இருக்கும். நாளைக் காலை முதல் வேலையாக எவ்ரிஒன்னுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஃபுல் கண்ட்ரோல் இருந்தால் எடுத்துவிடுங்கள், தடை மட்டும் போட்டுவிடாதீர்கள். பத்து மணிக்குள் மச்சானிடமிருந்து போன் வரும். காப்பிக்குப் பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.