வெள்ளி ரூபாய்க்குள் ஒரு டாலர்

அமெரிக்காவின் முதல் வெள்ளி டாலர் ஒன்று பல கோடிக்கு ஏலம் போனதாமே, நிஜமா?
*வாசகர், திருச்சுழி*

நிஜம். 1794-ல் பிலடெல்பியாவில் அடித்த டாலர். அந்த வருடம் வெளிவந்தவை 1,758 காசுகள்தான். அவற்றில் ஒன்று 2013 ஜனவரி ஏலத்தில் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. உள்ளே இருப்பதோ மூன்று பவுன் எடை வெள்ளி!

நரிக்குடிப் பக்கம் அமெரிக்கக் காசு கிடைக்க வழி உண்டா?
*வாசகர், நரிக்குடி*

காசாகத் தேடாதீர்கள். வெள்ளியாக ஏற்கெனவே வந்துவிட்டது. முதல் உலகப் போர் நேரத்தில் இந்தியாவில் காகித நோட்டின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை போய், நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. சர்க்கார் கையிருப்பு வற்றிப்போனது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மேன் சட்டம் போட்டுத் தன் கஜானாவில் கிடந்த 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பாலும் 1878-க்குப் பிறகு அடித்தவை. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளியை பிரிட்டன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்ப, பம்பாயிலும் கல்கத்தாவிலும் அது ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயாக மாறியது. உங்கள் வீட்டு அடுக்குப்பானையில் 1918, 1919, 1920 ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் அடியிலுள்ள தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.

அதற்கு முன்னால் அமெரிக்க வெள்ளி தமிழ்நாட்டுக்கு வந்ததே இல்லையா?
*ஆசிரியர், காரியாபட்டி*

வந்தது, அதுவும் எப்படி! நரிக்குடி முக்குளத்தில் பிறந்த மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி, சில ஆண்டுகளில் சென்னை நாணயச் சாலையில் அரை வராகன் என்ற வெள்ளிக் காசை அடித்தது. அமெரிக்கக் கண்டத்து மெக்சிகோ, பெரு வெள்ளியில் செய்த ஸ்பானிய டாலர்களை உருக்காமல், அவற்றின் மேலேயே அச்சைப் போட்டார்கள். ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும். மறுபக்கம் திருமாலும் தமிழ், தெலுங்கு எழுத்தும். அச்சு அழுந்தாத காசில், கோபுரத்துக்குப் பின்னாலிருந்து பழைய ஸ்பானிய எழுத்து எட்டிப் பார்க்கும். அமெரிக்க டாலர் பிறந்ததும் இந்த ஸ்பானிய டாலரை அளவாக வைத்துத்தான். 1857 வரை அங்கே அது செல்லுபடியானது. 1794 டாலரைவிட எனக்கு இந்தக் காசின் மேல்தான் ஆசை.

தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த காசில் 'ஒன் டாலர்' என்றிருக்கிறது. அமெரிக்காவா?
*வாசகர், வீரசோழன்*

திரிசூலமும் கேடயமும் பிடித்த பெண் நிற்கிறாளா? பின்பக்கம் சீன எழுத்து உண்டா? அப்படியானால் அது பிரிட்டிஷ் வணிக டாலர். 1895-ல் தொடங்கி, பெரும்பாலும் பம்பாயில் அடித்தது. சூலத்தின் நடுமுனையில் பொடி 'பி' தெரியும். நகைக்கடைத் தராசில் 26.95 கிராம் காட்ட வேண்டும். குறைந்தால் சந்தேகப்படுங்கள், இதில் போலி நிறைய.

அப்பத்தா வைத்திருந்த வெள்ளி ரூபாய்களைக் கடையில் எடைக்குக் கேட்கிறார்கள். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
*வாசகி, அருப்புக்கோட்டை*

முதலில் புளியைத் தூர வையுங்கள். சேகரிப்பவர் தேடுவதே காலம் ஏற்றிய அந்தக் கறுப்பைத்தான். தேய்த்தால் எழுத்தும் தேயும், விலையும் தேயும்.

அடுத்து, வருடம் பாருங்கள். 1835 முதல் 1939 வரை ரூபாய்க்கு எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-லிருந்து பாதி வெள்ளி. 1946, 1947 வெறும் நிக்கல். 1911 ரூபாயில் ராஜாவின் அங்கியிலிருந்த யானை பன்றி மாதிரித் தெரிய, ஊரெல்லாம் கொந்தளித்து, காசைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். தப்பியதற்கு இன்றும் மவுசு. 1939 அதைவிட அபூர்வம். இவை இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். உருக்கிய காசை எந்த ஆசாரியாலும் திருப்பித் தர முடியாது.

கண்மாய்க்கரையில் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?
*வாசகர், நரிக்குடி*

1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதைக் கலெக்டர் விசாரித்து முடிவு செய்வார். வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு, பானை, மண், ஓடு என எல்லாவற்றையும் எடுத்தபடியே ஒப்படையுங்கள். ஒரு காசுகூடப் பிரியக் கூடாது. பானையில் இருப்பதிலேயே புதிய காசின் வருடத்தை வைத்துத்தான் அதைப் புதைத்த காலத்தைக் கணிப்பார்கள்.