ஹாங்காங் மாமா

தூத்துக்குடியில் தெருவுக்கு ஒரு ஹாங்காங் மாமா இருப்பார். சில தெருக்களில் அவர் யோகோஹாமா மாமாவாகவோ ராட்டர்டாம் சித்தப்பாவாகவோ இருக்கலாம். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஹாங்காங் மாமாவுக்கு மட்டும்தான். கப்பலில் ஏ.பி. மாலுமியாகவோ ஆயிலராகவோ காலம் தள்ளிவிட்டு ஊருக்கு வந்தவர். கேப்டனாகவும் சீஃப் இன்ஜினியராகவும் போனவர்கள் இந்த வகையில் சேர மாட்டார்கள். அவர்கள் லீவில் வந்தால் பைபாஸ் பக்கம் சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

மாமாவின் கப்பல் வேலைச் சான்றான சி.டி.சி. புத்தகம் பீரோவில் பனிமய மாதா படத்துக்குக் கீழே, பட்டாப் பத்திரத்துக்கு மேலே இருக்கும். துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரை 2011-லேயே வைத்துவிட்டார்கள். வ.உ.சி. மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வாயில் வருவது 'புது ஹார்பர்'தான். 1974-ல் அது பெரிய துறைமுகமானபோது இவர் டவுசர் போட்ட பையன். தான் பார்க்க வந்தது எப்படிப் பழசாகும் என்பது அவர் கட்சி.

மாமாவை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஓட்டலில் பார்க்க வேண்டும். பேத்தியின் புதுநன்மைக்குக் குடும்பத்தோடு பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு ஏ.சி. ஓட்டலுக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். கோபி மஞ்சூரியனுக்கும் டிராகன் சிக்கனுக்கும் நடுவில் 'டிம் சம்' என்று ஒரு வரி. மாமா மெனு கார்டைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு கடமையுணர்ச்சி வந்து உட்கார்ந்தது.

"தம்பி, இது மூங்கில் கூடையில வருமா?"

"பிளேட்ல வரும் சார். ஆறு பீஸ்."

"கூடை இல்லையா?"

"கூடை இல்ல சார். மயோனைஸ் உண்டு."

சரி, முதலில் பால் இல்லாத டீ ஒரு கெட்டில் கொண்டு வா என்றார். வந்தது. அதைக் குடிப்பார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எல்லார் கப்பிலும் கொஞ்சம் ஊற்றி அலசி, சூப் கிண்ணத்தில் கொட்டினார். கரண்டிகளுக்கும் அதே ஸ்நானம். ஹாங்காங்கில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை இது. உண்மைதான், கேன்டனியர்களின் பழக்கம். சர்வருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எல்லாம் நல்லா கழுவித்தான் வச்சிருக்கோம் சார்."

அடுத்த கப் டீயை அந்தப் பையன் ஊற்றும்போது மாமா இரண்டு விரலால் மேசையைத் தட்டினார். அங்கே அதற்கு நன்றி என்று பொருள். சியான்லோங் என்ற சீன அரசர் மாறுவேடத்தில் டீக்கடைக்குப் போய்த் தன் ஆட்களுக்கு டீ ஊற்றினாராம். விழுந்து கும்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவர்கள் விரலை மடக்கித் தட்டினார்களாம், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை. பாளையங்கோட்டை ரோட்டில் மேசையைத் தட்டினால் 'சீக்கிரம் ஆகட்டும்' என்றுதான் அர்த்தம். பையன் ஓடினான். டீ தீர்ந்ததும் மாமா கெட்டில் மூடியைத் திறந்து சாய்த்து வைத்தார். வாயைத் திறக்காமலே மறுபடி நிரப்பச் சொல்லும் வழி அது. பையன் வந்தான், மூடியைச் சரியாக மூடி வைத்துவிட்டுப் போனான். மறுபடி திறந்தார். மறுபடி மூடினான். மூன்றாம் தடவை மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கடைசியில் டிம் சம் வந்தது. மாமா உடனே தொடவில்லை. "ஆறட்டும். டிம் சம்மைச் சுடச்சுட வாயில போடுதவன் அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன்" என்றார். பல்குத்தும் குச்சியால் மடிப்புகளை எண்ணினார். இறால் வைத்த ஹார் காவ் என்றால் மடிப்பு ஏழுக்குக் குறையக் கூடாது, கை தேர்ந்தவன் பத்துக்கு மேல் போடுவான் என்பது அந்தத் தொழிலின் இலக்கணம். இங்கே ஐந்துதான் தேறியது. அத்தை அதற்குள் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க வெளிய மடிப்பை எண்ணிக்கிட்டு இருங்க. உள்ள முட்டைக்கோசு" என்றாள்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு ஹாங்காங்குக்குக் கிளம்பினார். அந்தப் பேச்சை நீங்கள் கேட்க வேண்டும். சென்ட்ரல் பகுதியில் லின் ஹியுங் என்று ஒரு பழைய டீக்கடை. டீக்கடை என்றாலும் ஒரு கல்யாண மண்டபம் அளவு கூட்டம். காலி நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கே, முன்பின் தெரியாதவன் மேசையில் போய் உட்கார வேண்டியதுதான். அம்மாமார்கள் தள்ளுவண்டியில் ஆவி பறக்கும் கூடைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கூவிக்கொண்டே வருவார்கள். உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைத் துரத்த வேண்டும். அந்த அட்டையில் சின்னது, நடுத்தரம், பெரியது, ஸ்பெஷல் என்று கட்டம் போட்டிருக்கும். எடுத்த கூடைக்கு ஏற்ற கட்டத்தில் முத்திரை விழும். கடைசியில் முத்திரையை எண்ணிக் காசு. கை டாக் விமான நிலையம் 1998-ல் மூடப்படும் வரை கவுலூன் மாடி வீடுகளை உரசுகிற மாதிரி விமானம் இறங்கும் இல்லையா, அந்தச் சத்தத்தைக்கூட மாமா வாயாலேயே போடுவார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதில் ஒரு வரி பொய் கிடையாது. சரிபார்த்திருக்கிறேன். மோங் காக்கில் 2009-ல் திறந்த டிம் ஹோ வான் என்ற சின்னக் கடைக்கு மறு வருஷமே மிஷலின் நட்சத்திரம் கிடைத்து உலகமே வியந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்லா" என்றார் மாமா. அந்தக் கடை திறக்கும் முன்பே அவர் கப்பலை விட்டு இறங்கிவிட்டார் என்பதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

இந்த வகை மனிதர் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டாரே, அந்தக் காலத்திலிருந்தே கொழும்புத் தாத்தாக்கள் உண்டு. கொழும்புக் கடையில் ரோல்ஸும் பட்டிஸும் தட்டு நிறைய மேசையில் வைத்துவிட்டு, தின்றதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவான், இங்கே எவன் அப்படி நம்பி வைப்பான் என்று அந்தத் தாத்தா கேட்ட கேள்வியைத்தான் பேரன் முத்திரை அட்டையை வைத்துக் கேட்கிறான்.

மாமாவுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும். "என்ன மாமா, சீனாக்காரன் கொழுக்கட்டைதானே?" பேச்சு நின்று வகுப்பு ஆரம்பமாகும். கொழுக்கட்டைக்கு அரிசி மாவு. ஹார் காவுக்குக் கோதுமையிலிருந்து புரதச் சத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மிஞ்சும் வெள்ளை ஸ்டார்ச், கூடவே மரவள்ளி ஸ்டார்ச். கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, கத்தியின் பட்டைப் பக்கத்தால் அழுத்தித் தோல் எடுக்க வேண்டும். வெந்தால் உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு வெளியே தெரியும். "உங்க அம்மா கொழுக்கட்டையில தேங்காப்பூ வெளிய தெரியுமால?"

பேச்சோடு விட்டாரா என்றால் இல்லை. ஒரு நாள் விடியற்காலை திரேஸ்புரம் போய் வெள்ளை இறால் வாங்கி வந்தார். ஸ்டார்ச் கிடைக்காததால் இடியாப்ப மாவு. மூங்கில் கூடை கிடைக்காததால் இட்லிக் கொப்பரை. மடிப்பு ஏழு கேட்டால் மாவு மூன்றிலேயே விரிந்துவிட்டது. வெந்ததை எடுத்து, அவர் வழக்கப்படி ஃபேனுக்கு அடியில் வைத்து ஜில்லென்று ஆறவிட்டுத்தான் பரிமாறினார். தோல் கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் அசல் என்றார். மாமியார்க் கிழவி ஒன்றைத் தின்று பார்த்து, "இறால் நல்ல இறாலு. அதை ஏன் இப்படி ஒளிச்சு வச்சிருக்கீய?" என்றாள்.

பிறகு கோழிக்கால். எண்ணெயில் பொரித்து, தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உப்ப வைத்து, புளிக்க வைத்த கறுப்புச் சோயா பீன்ஸோடு ஆவியில் வேகவைக்கிற சங்கதி அது. பிராய்லர் கடைக்காரர் ஒரு பை நிறையக் கால்களை இனாமாகவே கொடுத்து, "எத்தனை நாய் அண்ணாச்சி வளர்க்கீய?" என்று அன்போடு விசாரித்தார். அன்றைக்கு அத்தை அடுப்படிக் கதவைச் சாத்தியவள் சாயங்காலம்தான் திறந்தாள்.

இப்போது ரோச் பூங்கா பக்கம் மாலையில் மோமோ வண்டிகள் நிற்கின்றன. மாமா அவற்றின் எதிரில் நின்று, மோமோ திபெத், நேபாளச் சரக்கு, டிம் சம் கேன்டனியச் சரக்கு, இரண்டையும் குழப்பக் கூடாது என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார். அவர்கள் வாய் நிறைய மோமோவோடு தலையாட்டுவார்கள். வண்டிக்காரப் பையனுக்கு மாமாவைப் பிடிக்கும். அவர் பேசி முடிக்கும் வரை யாரும் நகர்வதில்லை, இன்னொரு பிளேட் ஓடும்.

சரித்திரமும் கொஞ்சம் வைத்திருக்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்துப் பழைய காயலுக்கு மார்க்கோ போலோ வந்தது, பதினைந்தாம் நூற்றாண்டில் செங் ஹேயின் சீனக் கப்பல்கள் வந்தது, அங்கே மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடந்ததைக் கால்டுவெல் எழுதி வைத்தது, இந்தக் கடலில் எடுத்த முத்தையும் காயவைத்த கடல் அட்டையையும் சீனாக்காரன் வாங்கிப் போனது எல்லாம் சரி. அதன் பிறகுதான் மாமா தாண்டுவார்: "அத்தனை பீங்கானைக் கொண்டு வந்தவன் அதுல திங்க ஒண்ணும் கொண்டு வராமலா இருந்திருப்பான்?"

கப்பலில் இருந்த காலத்தில் இவர் எப்படி என்று கூடப்போனவர்களைக் கேட்டால் வேறு மாமா கிடைக்கிறார். பிலிப்பினோ சமையல்காரரிடம் போய், எங்கள் ஊர் மாதிரி ஒரு இடம் கிடையாது, தினமும் ராத்திரி நைட் கிளப்புக்குப் போவோம், குடும்பத்தோடேயே போவோம் என்று பெருமூச்சு விடுவாராம். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் சால்னா வாசனை வீசும் பரோட்டாக் கடை என்பது மணிலாக்காரருக்கு எப்படித் தெரியும்? மாமாவின் குடும்பத்தைப் பற்றிக் கப்பலில் ஒரு தனி மரியாதை இருந்ததாம்.

மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போனதும் அப்பாவை வரவழைத்து, ஜாலான் புசாரில் 1962-லிருந்து நடக்கும் சுவீ சூன் கடைக்குக் கூட்டிப்போனான். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகிற தூரம்; ராத்திரி நேரத்திலும் கூட்டம் அலைமோதும். அசல் மூங்கில் கூடை, அசல் சியு மாய், மடிப்புக்கும் குறைவில்லை. மாமா ஒன்றை எடுத்து வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். "ரொம்பச் சூடு. தோலும் தொளதொளன்னு இருக்கு. ஹாங்காங்ல இப்படி இருக்காது" என்று எழுந்துவிட்டார். பிறகு மகன் வாங்கிக் கொடுத்த பரோட்டாவுக்கு, நைட் கிளப் சால்னா இல்லையே என்று இன்னொரு குறை.

மாமாவுக்கு ஊரில் ஒரே எதிரி நிலக்கரி மாமா. அவர் வெளிநாட்டுக் கப்பல் ஏறாதவர். அனல் மின் நிலையத்துக்கு ஹல்தியாவிலிருந்தும் பாரதீப்பிலிருந்தும் நிலக்கரி ஏற்றி வரும் கப்பல்களிலேயே காலத்தைக் கழித்தவர். ஹல்தியாவிலிருந்து கல்கத்தாவுக்குப் போய், டிரெட்டா பஜாரில் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கல்கத்தாச் சீனர்கள் தெருவில் வைத்து விற்கும் பாவ், சூப் எல்லாம் சாப்பிட்டிருக்கிறார். அதைச் சொல்ல வாயைத் திறந்தாலே ஹாங்காங் மாமா, "கோஸ்டல்காரன்லாம் பேசப்படாது" என்று அடக்கிவிடுவார். கப்பல்காரர்களுக்குள்ளும் சாதி உண்டு.

மாதா கோயில் திருவிழா, ஆகஸ்டு ஐந்து. மாமா வீட்டு மொட்டைமாடியில் பந்தி. புன்னைக்காயலிலிருந்து பழைய போசன் ஒருவர் வந்திருந்தார். மாமாவோடு ஒரே கப்பலில் இருந்தவர், வெள்ளந்தி மனுஷன். யாரோ டிம் சம் பேச்சை எடுக்க, போசன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஹாங்காங்லயா? பாவம், கப்பல் அங்க நின்னதே சில மணி நேரம். அன்னைக்கு இவன் கேங்வே வாட்ச், இறங்க முடியல. நாங்கதான் போய்ச் சாப்பிட்டோம். இவனுக்கு ஒரு டப்பா கட்டி வாங்கிட்டு வந்தேன். ராத்திரி வாட்ச் முடிஞ்சு, ஃப்ரிட்ஜ்ல இருந்ததை எடுத்து நின்னுக்கிட்டே தின்னான்."

நிலக்கரி மாமா பிரியாணித் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப அந்தத் தள்ளுவண்டி? ரெண்டு விரல் தட்டுறது? கெட்டில் மூடி?"

"அதெல்லாம் நான் வந்து சொன்னது. கேட்டுக்கிட்டே இருந்தான்" என்றார் போசன்.

அத்தை மாமாவையே பார்த்தாள். ஃபேனுக்கு அடியில் ஆறவைத்த இறால், நாக்கைச் சுட்ட சிங்கப்பூர், விறைப்பான தோல் எல்லாம் அவள் கணக்கில் ஒவ்வொன்றாக வந்து உட்காருவது முகத்தில் தெரிந்தது.

மாமா அசரவில்லை. எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "ஏன்வே, ஆறிப்போய் ஃப்ரிட்ஜ்ல கிடந்ததே அப்படி இருந்துச்சு, பாத்துக்கிடும். சுடச்சுடத் தின்ன இவரைக் கேளும், அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டும்" என்றார்.

போசன் யோசித்துப் பார்த்தார். "வாஸ்தவம்தான். எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல."

நிலக்கரி மாமாவுக்கு வேறு வழி தெரியவில்லை. "சரி, மடிப்பு எத்தனை இருந்துச்சு?" என்றார்.

"பதினொண்ணு. எண்ணிட்டுத்தான் வாயில போட்டேன்."