புளியமரத்தடிப் பூட்டன்மார்: கயத்தாறு வட்டாரக் குடும்ப வரலாறுகள் குறித்து ஓர் உயராய்வு

0. ஆய்வு எல்லை

கயத்தாறு வட்டாரத்துக் குடும்பங்களின் பூர்வோத்திரத்தை ஆராயப் புகுவோர் முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆய்வு நெறி. அதிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஒரே வீட்டில் பிறந்தவர்களில் அண்ணன் திருநெல்வேலி மாவட்டத்தான். 1986-க்குப் பின் பிறந்த தம்பி சிதம்பரனார் மாவட்டத்தான். 1997-க்குப் பின் பிறந்த அண்ணன் மகன் தூத்துக்குடி மாவட்டத்தான். வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. இக்குடும்பம் இருமுறை புலம்பெயர்ந்தது என்று ஆய்வேடு எழுதி இன்னும் ஒருவரும் முனைவர் பட்டம் வாங்காதது நம் பல்கலைக்கழகங்களின் தேக்கத்தையே காட்டுகிறது.

1. சான்றுகள்

1.1 தாய்ப்பத்திரம்: கிழக்கே எவர் புஞ்சை, மேற்கே எவர் கிணறு என்று சொல்லும். தாத்தா ஏன் விற்றார் என்பதைச் சொல்லாது.

1.2 ஓலைச்சுவடி: கரையான் வாசித்துவிட்டது.

1.3 ஞானஸ்நானப் பதிவேடு: கடற்கரையில் உண்டு. கரிசலில் அதைப் பற்றிய பொறாமை உண்டு.

1.4 குலதெய்வக் கோவில் வரி நோட்டு: பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவிலில் கூடும் பங்காளிகளைத் தலைக்கட்டு வாரியாகக் காட்டும். வரி பாக்கி வைத்தவர் வம்சத்திலேயே இல்லை.

1.5 பள்ளிச் சான்றிதழ்: பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுமைக்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன், வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது. மிச்சத்தை வாத்தியார் பார்த்துக்கொண்டார். ஆகவே நம் தாத்தாக்களில் பலர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருக்கிறார்கள். அக்காலத் திருமணங்கள் எல்லாம் ஆவணியிலேயே நடந்தன என்று இதிலிருந்து துணியலாம். துணிவதற்கு இதைவிடக் குறைந்த சான்று போதும் என்பதைத் தமிழாய்வு முன்னரே நிறுவியுள்ளது.

2. பெயர்ச் சுழற்சி

தாத்தா பெயர் பேரனுக்கு. எனவே மாடசாமி மகன் சுடலைமுத்து, சுடலைமுத்து மகன் மாடசாமி, மாடசாமி மகன் சுடலைமுத்து. ஆவணத்தில் இரண்டே பேர் இருநூறு ஆண்டு வாழ்ந்து, மாறி மாறி ஒருவரையொருவர் பெற்றிருக்கிறார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே அப்பெயர் வைத்த மகனைப் பெரியவன் என்றே அவள் கூப்பிட்டாள். ரேஷன் கார்டு எழுத வந்தவரும் பெரியவன் என்றே எழுதிக்கொண்டு போனார். மாடசாமி மறைந்த ஆண்டு அதுவே.

3. புளியமரச் சாட்சிகள்

3.1 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மேஜர் பானர்மேன் உத்தரவுப்படி, வீரபாண்டிய கட்டபொம்மன் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டான். பார்த்துப் பயந்துகொள்ளட்டும் என்று மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தியிருந்தார் பானர்மேன். இவ்வளவும் சரித்திரம்.

3.2 சரித்திரம் விட்டுவைத்த இடத்தில் நம் பூட்டன்மார் நிற்கிறார்கள். அவர்களை நால்வகையாகப் பகுக்கலாம்.

அ) பார்த்தவர்.

ஆ) கடைசியாகத் தண்ணீர் கொடுத்தவர். இவ்வகையினர் பெருகிக் கிடப்பதால் கட்டபொம்மன் தூக்குமேடைக்குத் தாகத்தோடு போயிருக்க வழியே இல்லை.

இ) பாயப் போனவர், உறவினர் பிடித்துக்கொண்டதால் பாயாதவர். (“எங்க பூட்டன மட்டும் வுட்ருந்தா கதையே வேறடே.” சின்னத்தாத்தா, திண்ணைப் பேருரை, இரண்டாம் வெற்றிலைக்கும் மூன்றாம் வெற்றிலைக்கும் இடைப்பட்ட பகுதி.)

ஈ) மரத்துக்குச் சொந்தக்காரர். (பெரியத்தை, ‘புளி விற்ற வகையில் வரவேண்டிய பாக்கி’, ஆட்டுக்கல்லடி வெளியீடு, திருத்திய பதிப்பு, மாவு ஒட்டியிருந்ததால் பக்க எண் தெரியவில்லை. இதை மறுத்து அதே ஆட்டுக்கல்லில் மறுநாள் சின்னத்தை வெளியிட்ட மறுப்புரையும், அம்மறுப்புக்கு மறுப்பாகப் பெரியத்தை மூன்று மாதம் பேசாமல் இருந்ததும் ஒப்புநோக்கத் தக்கவை.)

3.3 கணக்கு. 1799-க்கும் நமக்கும் இடையே ஏறக்குறைய எட்டுத் தலைமுறை. இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்கினால் அன்று ஒவ்வொருவருக்கும் 256 முன்னோர் இருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மரத்தடிக்குப் போயிருக்கக் கூடாதா என்பர் எதிர்த்தரப்பார். அவர்கள் நம் வீட்டுக் கல்யாணங்களை அறியாதவர்கள். அத்தை மகளைக் கட்டியவருடைய பிள்ளைக்கு எட்டுப் பூட்டன் பூட்டிக்குப் பதில் ஆறு பேர்தான் தேறுவர். அக்கா மகளைக் கட்டிய வீட்டிலோ ஒரே மனிதர் தாத்தாவாகவும் பூட்டனாகவும் இரு பதவி வகிப்பார். இப்படியே எட்டுத் தலைமுறை நடந்தால் 256 சுருங்கி ஒரு மாட்டுவண்டியில் அடங்கிவிடும். வண்டி அன்று எந்தச் சந்தைக்குப் போனதோ!

3.4 வசன ஒப்பீடு. பூட்டன் தம் காதால் கேட்டதாகச் சொல்லப்படும் வார்த்தைகள் 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் அப்படியே வருகின்றன. வசனம் எழுதிய சக்தி கிருஷ்ணசாமி எங்கள் பூட்டனிடமிருந்தே எடுத்தாண்டார் என்பது குடும்பத்தாரின் துணிபு. படத்திலிருந்து பூட்டன் எடுத்திருக்கலாமே என்று கேட்ட மருமகப்பிள்ளைக்கு அந்த ஆண்டு தீபாவளிச் சீர் போகவில்லை.

3.5 காணாமற்போன வம்சம். பானர்மேனிடம் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். பாளையக்காரர்களோடு பரிவாரம் வந்திருக்கும். பல்லக்குத் தூக்கவும் குதிரைக்குப் புல் போடவும் ஆள் வேண்டும். யாரோ ஒருவர் கயிறு கொண்டுவந்தார். யாரோ ஒருவர் கிளையில் கட்டினார். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும். ஆனால் எந்தத் திண்ணையிலும் அவர்களுடைய பேரன் பேசக் கேட்டதில்லை. தண்ணீர் கொடுத்தவன் வம்சம் ஆல்போல் தழைக்க, கயிறு கட்டியவன் வம்சம் மட்டும் அன்று மாலையே பூண்டற்றுப்போன மர்மம் மேலாய்வுக்குரியது.

3.6 தூக்கிலிட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டு ஒரு பெரும் குவியல் சேர்ந்திருந்ததைப் பழைய திருநெல்வேலி கெசட்டியர் சொல்கிறது. ஒரு கல்லிலும் பெயர் இல்லை. சொந்தம் கொண்டாடியவரும் இல்லை. 1970-இல் சிவாஜி கணேசன் இடம் வாங்கிச் சிலை வைத்த பிறகே சாட்சிகள் பெருகினர்.

4. இடைச்செருகல்

தம் கொள்கைக்கு ஒத்துவராத பாடலை இடைச்செருகல் என்று தள்ளுவது நம் புலவர் பெருமக்கள் வகுத்த வழி. அவ்வழி நின்று, சொத்துப் பிரிக்கும்போது மட்டும் கொழும்பிலிருந்து தோன்றிய மூன்றாம் பெரியப்பாவை இடைச்செருகல் எனக் கொள்கிறேன்.

5. முடிபு

குடும்ப வரலாற்றில் பொய் சொல்லாத ஆவணம் ஒன்றே ஒன்று: மொய் நோட்டு. தண்ணீர் கொடுத்த பரம்பரை என்போர் கல்யாணத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. எவர் எந்த ஊரில் இருந்தார், எந்த ஆண்டோடு வரத்து நின்றது, எவர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் இழுத்திருக்கிறது, எல்லாமே இருக்கின்றன. பூர்வீகம் தேடும் அன்பர்கள் புளியமரத்தை விட்டுவிட்டு முதலில் பரணில் ஏறுங்கள். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன் அந்த நோட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.