இனிப்பு இல்லாத புத்தகம்

உணவு இலக்கிய விருதுக் குழுவின் மாண்பமை நடுவர் பெருமக்கள் சமூகத்துக்கு,

கும்பிட்டு எழுதிக்கொள்வது.

தங்கள் கடிதம் சனிக்கிழமை கூரியரில் வந்து சேர்ந்தது. நான் அனுப்பிய 6 பிரதிகளில் ஒன்றையும் கூடவே திருப்பியிருந்தீர்கள். மீதி ஐந்து தங்களிடமே இருக்கட்டும். பஜ்ஜியில் எண்ணெய் ஒற்ற உதவும். கடிதத்தில் ஒரே ஒரு வரி: 'இனிப்பு வகைகள் இடம்பெறாதது நூலின் பெருங்குறை.' சத்துணவுக்கூடத்தில் 30 வருஷம் சமைத்த ஒருத்தியைப் பற்றி அவள் மகள் எழுதிய இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு கேசரிகூட இல்லை. உண்மைதான் அய்யா. படித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கடிதம். சர்க்கரை தூக்கலாகத்தான் இருக்கும். நடுவர்களில் யாருக்காவது சுகர் இருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கவும்.

முதலில் நன்றி. கடைசிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேரையும் 'தங்கள் நூலிலிருந்து ஒரு பதார்த்தம், 12 பேருக்கு' சமைத்துக்கொண்டு ஸ்டார் ஓட்டலுக்கு வரச் சொன்னீர்களே, அந்த யோசனை யாருக்கு உதித்ததோ அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. புத்தகம் படித்து முடிக்க மூன்று நாள் பிடிக்கும். ஸ்பூனை வாயில் வைத்து எடுக்க எவ்வளவு நேரம்? நாளைக்கு நீங்கள் துப்பறியும் நாவலுக்கும் பரிசு வைத்தால் ஆசிரியரை என்ன செய்து காட்டச் சொல்வீர்களோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான் கொண்டுவந்தது சாம்பார் சாதம். தங்கை வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிண்டி, அம்மாவின் எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, ஆறிவிடாமல் துண்டு சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து மேசைகளில் பீங்கான், தாமரைப்பூவாக மடித்த துணி, நடுவில் ஒற்றைக் கறிவேப்பிலை. ஒரு நடுவர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "ஹோம்லியா இருக்கு" என்றார். இன்னொருவர், "ஸ்வீட் என்ன வச்சிருக்கீங்க?" என்று தூக்குவாளிக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். சாதத்துக்கு அடியில் பாயசத்தை ஒளித்துவைத்திருப்பேன் என்று நினைத்தார் போல.

முடத்தாமக்கண்ணியார் விண்ணப்பித்திருந்தால் தங்களிடம் பிழைத்திருப்பார். கரிகாலன் விருந்தில் இரவு பகலாகக் கறி தின்று, கொல்லையை உழுத கொழுவைப்போலப் பல் மழுங்கிப்போன ஆளைப் பொருநராற்றுப்படையில் பேசவைத்தவர்; கறி திகட்டியதும் விதவிதமாகப் பணியாரம் வந்தது என்றும் முன்யோசனையோடு சேர்த்துவிட்டார். தொ. பரமசிவன் பாடுதான் திண்டாட்டம். 'அறியப்படாத தமிழகம்' நூலில் அவர் உப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். உப்பை 12 பேருக்கு எப்படிப் பரிமாறுவது? எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் தன் புத்தகத்துக்கு 'சமைத்துப் பார்' என்று பேர் வைத்தார். தாங்கள் அதையே 'சமைக்கவைத்துப் பார்' என்று திருத்தி விருது விதியாக்கிவிட்டீர்கள்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்ட் விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள். சமையல் குறிப்புப் புத்தகத்துக்கு வேறு பரிசு, உணவைப் பற்றிய இலக்கிய எழுத்துக்கு வேறு பரிசு. கேக்குக்கும் இனிப்புக்கும் என்றே தனிப் பிரிவும் உண்டு. தாங்களும் அந்தக் கடைசிப் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடிவிடலாம், சிரமம் குறையும்.

என் அம்மா காமராஜர் காலத்து மதிய உணவில் தட்டேந்திய பிள்ளை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த வருஷமே சமையலராகச் சேர்ந்துவிட்டாள். கமுதிப் பக்கம் சீமைக்கருவேல விறகுதான்; மழைக்காலத்தில் எரியாது, புகையும். பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவரும். சில தட்டில் வேறு யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருக்கும். யார் கல்யாணத்துக்கு வந்த சீரோ, எத்தனை கை மாறியதோ. அம்மாவுக்குப் பாதிப் பிள்ளைகளின் பேர் தெரியாது. தட்டைத் தெரியும். எந்தத் தட்டுக்கு இன்னொரு கரண்டி வேண்டும் என்பதும் தெரியும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது சர்க்கார் கணக்கு. திங்கட்கிழமைகளில் அந்தக் கணக்கு உதைக்கும். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாதே.

இது என் நாலாவது அத்தியாயம். இதற்கு எந்த இனிப்பை வைக்கட்டும்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்த பிள்ளை திங்கட்கிழமை மத்தியானம் சோற்றுத் தட்டை எப்படிப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறேன். இதை எந்த ஸ்பூனில் அள்ளி ருசி பார்ப்பீர்கள்? உங்களைக் கூப்பிட்டது படிக்கத்தானே? படித்தீர்களா? ஒரு ஆள், ஒரே ஒரு ஆளாவது படித்தீர்களா?

மன்னிக்கவேண்டும். காரம் கூடிவிட்டது. இந்தாருங்கள், கற்கண்டு: பரிசு வாங்கிய நூலைப் போல ஒரு நூல் தமிழில் வந்ததில்லை. கெட்டி அட்டை, வழுவழுத் தாள், என் புத்தகத்தைப் போல நாலு பங்கு எடை. பூர்வீக வீட்டுச் சமையல். பக்கத்துக்குப் பக்கம் பாட்டி, பட்டுப்புடவையில், அடுப்போரம். அடுப்பில் மட்டும் நெருப்பில்லை. நன்றியுரையின் கடைசி வரியில் 'எங்கள் சமையற்கார அம்மாவுக்கும்' என்று போட்டிருக்கிறது. பேர் போடவில்லை, இடம் பற்றவில்லையாக்கும். இனிப்பு 36 வகை. எண்ணிப் பார்த்தேன்.

ஒரு சின்ன விண்ணப்பம். தாங்கள் திருப்பி அனுப்பிய பிரதியில் 112ஆம் பக்கம் பைண்டிங்கில் வெட்டுப்படாமல் அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் பிளேடால் பிரித்தேன். தங்களிடம் உள்ள ஐந்தில், பஜ்ஜிக்குப் போகாத ஏதாவது ஒன்றில் அதைப் பாருங்கள். தலைவர்கள் பிறந்தநாளுக்குச் சத்துணவில் போடுகிற சர்க்கரைப் பொங்கல் அங்கே வருகிறது. ஒரு வருஷம் வெல்லம் வந்து சேராமல், அம்மா வீட்டு வெல்லத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனதும் வருகிறது. கேசரி இல்லை என்று நான் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். தங்கள் 'பெருங்குறை' 111ஆம் பக்கம் வரைக்கும் செல்லும்.

அப்புறம், அந்தத் தூக்குவாளி. கழுவித் தருகிறோம் என்று அன்றைக்கு உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் ஆகிறது. போன் செய்தால் "கமிட்டியில் கேளுங்க" என்கிறார்கள். மூடியில் அம்மா பேர் வெட்டியிருக்கும், தேடச் சிரமமில்லை. அனுப்பும்போது ஒன்று கவனிக்கவேண்டும்: எங்கள் பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் வழக்கமில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சாம்பார் சாதம்,
மேசை எண் 5